பிரேக்கக்காவின் புது வெளிச்சம்

பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்து மல்லாந்திருக்கும்போதும் பிரேக்கக்காவின் வலது கால் சும்மா கிடப்பதில்லை. துளைக்கும் கருவியின் சத்தம் கடைவாயை நெருங்க நெருங்க, அந்தப் பாதம் மெல்ல முன்னால் நகர்ந்து, கால் வைக்கும் தகட்டை ஒரே மிதியாக மிதிக்கும். நாற்காலி கிரீச்சிடும். "அம்மா, காலை லேசா விடுங்க" என்பார் டாக்டர். பஞ்சு அடைத்த வாயோடு பிரேக்கக்கா பதில் சொல்வார்: "நீங்க வேகத்தைக் குறைங்க, கால் தானா வரும்."

வீட்டிலும் இதே கதைதான். சோபாவுக்கு முன்னால் விரித்த கம்பளத்தில், அவர் உட்காரும் இடத்துக்கு நேராக ஒரு வட்டம் மட்டும் நூல்நூலாகத் தேய்ந்து போயிருக்கிறது. டிவியில் யாராவது தெருவைப் பார்க்காமல் குறுக்கே ஓடினால் போதும், கால் போய்விடும். லிப்டில் ஏறினால் மாடிக்கு ஒரு மிதி. கணவர் பல்செட் செய்கிறவர். மெழுகிலும் பிளாஸ்டரிலும் நாளெல்லாம் அடுத்தவர் சிரிப்பைச் செதுக்குகிற மனுஷர். "தூக்கத்துல இவ எத்தனை விபத்தைத் தடுக்கிறாளோ, எனக்குத் தெரியாது. தடுத்ததுக்கெல்லாம் அடையாளம் என் முழங்கால்ல இருக்கு" என்று வந்தவர்களிடம் கால்சட்டையைச் சுருட்டிக் காட்டுவார்.

நகல் எடுக்கும் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே இருக்கிறது பிரேக்கக்காவின் ஓட்டுநர் பள்ளி. ஒரே அறை. மேசை மேல் ஒரு பொம்மைக் கார், அதன் சக்கரங்களைத் திருப்பித் திருப்பியே பின்னால் எடுக்கும் வித்தையைச் சொல்லித் தருவார். வாசலில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கார். அதில் பக்கத்து இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. பாதி ஊர் அந்த இரண்டாவது பிரேக்கின் தயவில்தான் உயிரோடு உலாவுகிறது என்று அவர் சொன்னால், மறுத்துப் பேச ஊரில் ஆளில்லை. பேசக் கூடியவர்களெல்லாம் அவரிடம் படித்தவர்கள். செருப்பு மெல்லிய அடியோடுதான் போடுவார். "தடியா இருந்தா ரோடு பேசறது காலுக்குக் கேக்காது." கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் நாளே அர்ச்சனை தொடங்கிவிடும். "கண்ணாடியைப் பாரு. அதுல உன் மூஞ்சி தெரிஞ்சா தப்பு, பின்னாடி வர்றவன் மூஞ்சி தெரியணும்." "ஸ்டியரிங்கை ஏன் இப்படி நெரிக்கிறே? அது என்ன உன் மாமியார் கழுத்தா?"

மனுஷிக்கு உலகத்தில் ஒரே ஒரு பகை. எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கிற மாதிரி விளக்கைப் போட்டுக்கொண்டு வருகிறவன். சிக்னலில் அப்படி ஒருவன் மாட்டிவிட்டால், காரை அப்படியே விட்டுவிட்டு இறங்கிவிடுவார். மோதிர விரலால் அவன் கண்ணாடியில் இரண்டு தட்டு. கண்ணாடி இறங்கியதும், கோபமே இல்லாத குரலில், "தம்பி, லைட்டு நீங்க ரோட்டைப் பாக்கிறதுக்கு. எங்க கண்ணைத் தோண்டிப் பாக்கிறதுக்கு இல்ல" என்பார். ஒருமுறை லாரிக்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கவில்லை. பிரேக்கக்கா லாரியின் படியில் ஏறி நின்று தட்டினார். விளக்கைத் தாழ்த்திய அந்த ஓட்டுநர், "அம்மா, இறங்கும்போது பாத்து இறங்குங்க" என்று கெஞ்சிய கதையைச் சலவைக் கடைக்காரர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது என்றால் யாரும் முதலில் நம்புவதில்லை. இருவர் மட்டும் உட்காரும் பழைய கார். ஒரு காலத்தில் சிவப்பு. இப்போது மழையில் ஊறிய செங்கல் நிறம். தரையோடு தரையாக இருக்கும். "இதுல உக்கார்றதுன்னு கிடையாது. விழறதுதான். எந்திரிக்கிறதுக்கு ரெண்டு பேர் வேணும்" என்பது பல்செட்காரர் தரும் விளக்கம். அதன் முன்விளக்குகள் மூக்குக்குள் ஒளிந்திருக்கும். பொத்தானை அழுத்தினால், உள்ளே ஒரு மோட்டார் முனக, இரண்டு இமைகள் நிமிர்ந்து விளக்குகள் வெளியே எட்டிப் பார்க்கும். அதனால் வீட்டில் அதற்குத் தவளை என்று பெயர். யாரோ வெளிநாடு போகும்போது கொட்டகையில் போட்டுவிட்டுப் போனதை, பேட்டரிக் கடை வைத்திருக்கும் தம்பி மூலம் வாங்கி, வருஷக் கணக்காகத் துடைத்து, தைத்து, ஒட்டி, ஓட வைத்தார். பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபின் வந்த பிள்ளை அது.

தவளையில் ஏறிவிட்டால் பிரேக்கக்கா வேறு ஆள். தெருவில் பையன்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹாரனை ஒரு கொஞ்சல் கொஞ்சுவார்கள். எதிரே வரும் கார்காரர்கள் விளக்கை ஒருமுறை மினுக்கி வணக்கம் வைப்பார்கள். பழைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு ஊர் தருகிற மரியாதை அது. பிரேக்கக்கா ஸ்டியரிங்கை விடாமலே இரண்டு விரலை மட்டும் உயர்த்தி ஏற்றுக்கொள்வார். "எந்தத் தொகுதியில நிக்கப் போறே?" என்பார் பக்கத்தில் மடங்கிக் கிடக்கும் கணவர்.

தவளைக்கு ஒரே குறை, பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. விளக்கு எரியும், ஆனால் எரிகிறது என்பதை அதுவே வந்து சொன்னால்தான் தெரியும். மங்கலாக, மஞ்சளாக, காய்ச்சல்காரன் பார்வை மாதிரி. "அக்கா, ரெண்டு தீக்குச்சியைக் கிழிச்சு முன்னாடி ஒட்டிக்கிட்டுப் போனா இதைவிட நல்லாத் தெரியும்" என்று தம்பி கேலி செய்துகொண்டே இருந்தான். பிறகு ஒரு விடுமுறை நாள் மத்தியானம் போன் செய்தான். "எல்ஈடி பல்ப் வந்திருக்கு. தவளையைக் கூட்டிட்டு வா. கண் ஆபரேஷன் பண்ணிடலாம்."

ஆபரேஷன் தம்பியின் கடைக்குள்ளேயே நடந்தது. பழைய பல்பைக் கழற்றிப் பார்த்தால், கண்ணாடிக்குள்ளே மயிரிழைபோல ஒரு கம்பிச் சுருள், அவ்வளவுதான். புதிய பல்ப் வேறு சாதி. மெலிந்த தண்டு, அதன் இரண்டு பக்கமும் அரிசி மணி அளவில் மஞ்சள் சில்லுகள், பின்னால் சூட்டைத் தணிக்க ஒரு குட்டி மின்விசிறி. பல்ப் உட்கார்ந்துவிட்டது. ஆனால் பொத்தானை அழுத்தி விளக்கை மூக்குக்குள் மடக்கும்போது, பின்னாலிருந்த விசிறி இரும்புச் சுவரில் போய் இடித்தது. தம்பி தலையைச் சொறிந்தான். பிறகு பல்பைக் கால்வட்டம் திருப்பி மாட்டினான். இடிக்கவில்லை.

"டேய், அது நேராத்தானே இருக்கணும்? பக்கவாட்டுல பாக்க வேண்டியது மேலயும் கீழயும் பாக்குதே" என்றார் பிரேக்கக்கா.

"அக்கா, இது வெளிச்சம்க்கா, தண்ணி இல்ல. எப்படிக் கவுத்தாலும் சிந்தும்."

"மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும். போன வருஷம் எங்க வீட்டு மோட்டாருக்கும் இப்படித்தான் சொன்னார். அதுலேருந்து தண்ணி கீழேருந்து மேல வரல" என்றார் பல்செட்காரர்.

"மாமா, நீங்க பல்லைப் பாருங்க. பல்பை நான் பாத்துக்கிறேன்."

கடையின் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு விளக்கைப் போட்டார்கள். கடை முழுக்கப் பாலைக் கொட்டிய மாதிரி வெள்ளை. அலமாரியில் அடுக்கியிருந்த பேட்டரிகளின் பொடி எழுத்துகள் தெரிந்தன. சுவரில் ஆணி போன ஓட்டைகள் தெரிந்தன. பிரேக்கக்கா அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார். "அங்க பாருங்க, கூரை மூலையில இருக்கிற சிலந்தி வலைகூடத் தெரியுது!"

கூரை மூலை ஏன் தெரிகிறது என்று கேட்க அப்போது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. இத்தனை வருஷமாகத் தாழ்ந்த விளக்கு ரோட்டைத்தான் பார்க்க வேண்டும், வானத்தைப் பார்க்கக் கூடாது என்று தொண்டை கட்டப் பாடம் நடத்திய மனுஷிக்கே தோன்றவில்லை. ஆசை வந்தால் அப்படித்தான், படித்த பாடம் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

அதன் பிறகு மாலையானால் தவளைக்கு ஊர்வலம்தான். மரங்களின் உச்சிக் கிளைவரை வெளிச்சம் ஏறியது. தூரத்துப் பெயர்ப் பலகைகள் பளீரென்று எழுந்து நின்றன. இரண்டாம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே வந்த வண்டிகள் ஒன்று விடாமல் விளக்கை மினுக்கின. ஒன்று இரண்டு முறையல்ல, விட்டு விட்டு, விடாமல். பிரேக்கக்காவுக்கு விரல் ஓய்ந்து போனது. "பல்ப் மாத்தினதுலேருந்து தவளைக்கு மவுசு ஏறிப் போச்சு" என்று கணவரிடம் பூரித்தார். ஒருவர் கண்ணாடியை இறக்கி, கையை ஆட்டி என்னமோ கத்திக்கொண்டே கடந்து போனார். இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. பிரேக்கக்கா நன்றாகச் சிரித்து அவருக்கும் இரண்டு விரல் காட்டினார்.

இந்தச் சமயத்தில்தான் அவரிடம் நர்ஸ் பெண் ஒருத்தி கற்றுக்கொண்டிருந்தாள். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கும் வேலை ஒன்று அவளுக்கு வந்திருந்தது. வார்டில் இரவும் பகலும் மாறி மாறி நின்று கால் நரம்பு முறுக்கிக்கொண்டவளுக்கு அது விடுதலை மாதிரி. ஆனால் லைசென்ஸ் இருந்தால்தான் அந்த வேலை. இரண்டு முறை தேர்வுக்குப் போய் இரண்டு முறையும் தோற்றுவிட்டாள், ஒரே காரணத்துக்கு. மற்றதெல்லாம் அச்சுப் பிசகாமல் செய்வாள். பகலானாலும் எதிரே ஒரு வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தால் மட்டும் நடுரோட்டில் அப்படியே நின்றுவிடுவாள். இன்னொரு தடவை தோற்றால் வேலை அடுத்தவளுக்குப் போய்விடும்.

"உன்னை நான் பாஸ் பண்ண வைக்கலேன்னா என் பேரை மாத்திக்கிறேன்" என்று பிரேக்கக்கா வாக்குக் கொடுத்திருந்தார். மருந்தும் அவரே கண்டுபிடித்தார். "லைட்டைப் பாக்காதே. ரோட்டு ஓரத்துல வெள்ளைக் கோடு இருக்குல்ல, அதைப் பிடிச்சிக்கோ. போய்க்கிட்டே இரு. நிக்காதே. நிக்கிறது பயம். பயத்துக்கு லைசென்ஸ் குடுக்க மாட்டாங்க."

தேர்வுக்கு முந்தின நாள் மாலை. பழைய தொழிற்சாலை ஒன்றின் நீண்ட மதிலை ஒட்டிப் போகும் ரோட்டைப் பிரேக்கக்கா பயிற்சிக்காகத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஒரு துண்டுக்குத் தெருவிளக்கு கிடையாது. மேற்கே கொஞ்சம் செம்மை மிச்சமிருந்தது. ரோட்டில் இருட்டு இறங்கிவிட்டது. பாடம் முடிந்ததும் மஞ்சள் காரைத் தம்பி கடையில் ராத்திரியோடு பேட்டரி மாற்ற விட வேண்டும் என்பதால், தவளையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிடும்படி கணவரிடம் சொல்லியிருந்தார்.

நர்ஸ் நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். முதல் வண்டி எதிரே வந்தது, கடந்தது. இரண்டாவதும் கடந்தது. "பாத்தியா? ஒண்ணும் கடிக்கல" என்றார் பிரேக்கக்கா. அப்போது வளைவிலிருந்து வந்தது அந்த வெளிச்சம்.

வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. விழுந்தது. முன் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. ரோடு இல்லை, மதில் இல்லை, கோடு இல்லை.

"அக்கா, லைட்டு."

"ஓரத்தைப் பாரு."

"ஓரமே இல்லக்கா."

"இருக்கும். போ. நிக்காதே, போ போ, நான் இருக்கேன்ல!"

கார் ஒரு உலுக்கலோடு நின்றது. நின்ற பிறகுதான் பிரேக்கக்காவுக்கு உறைத்தது: அவர் கைகள் இரண்டும் முகத்துக்கு முன்னால் இருந்தன, கண்கள் இறுக மூடியிருந்தன, பல் டாக்டர் நாற்காலியில்கூட ஓயாத அந்தக் கால் இருக்கைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. பிரேக்கை மிதித்தது நர்ஸ்.

உறைத்தது வேகமாகக் கோபமாயிற்று. "நடுரோட்டுல நிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு? நாளைக்கு டெஸ்டுல இப்படி நின்னே, அவ்வளவுதான்!" என்று நர்ஸைத் திட்டினார். பிறகு கதவைத் திறந்தார். "இரு. அந்தக் கண்ணைப் பிடுங்கறவனைப் பாத்துட்டு வரேன்."

எதிரே வந்த வண்டியும் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டிருந்தது. விளக்கு மட்டும் அணையவில்லை. உள்ளங்கையைப் புருவத்துக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு, காருக்கு முன்புறமாகச் சுற்றி, வெளிச்சத்துக்கு எதிராகப் பிரேக்கக்கா விறுவிறுவென்று நடந்தார். நடக்கும்போதே பேச வேண்டியதை நாக்கில் அடுக்கிக்கொண்டார். வெளிச்சத்தைத் தாண்டி அதன் பக்கவாட்டுக்கு வந்ததும் எதுவும் தெரியவில்லை, கண்ணுக்குள் பச்சைப் பச்சையாக வட்டங்கள் மிதந்தன. தடவிப் போய், மோதிர விரலால் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினார். கண்ணாடி இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை. விரல் தகரத்தில் பட்டது. குனிந்து தட்டினார்.

"தம்பி, லைட்டு நீங்க ரோட்டைப் பாக்கிறதுக்கு..."

கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கண்ணாடி இறங்கியது. உள்ளே மடங்கி உட்கார்ந்திருந்த பல்செட்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"நீயாம்மா? மஞ்சள் வண்டி மாதிரி இருக்கேன்னு நினைச்சேன். அப்பாடி, என்ன லைட்டும்மா இது! வழியெல்லாம் ஒரே மரியாதை. ஒருத்தன் விடல, எல்லாரும் அடிச்சு அடிச்சுக் காட்டறான். நானும் சளைக்காம நீ காட்டற மாதிரியே காட்டிக்கிட்டு வந்தேன்" என்று இரண்டு விரலை உயர்த்தினார்.

பிரேக்கக்கா அந்த இரண்டு விரலையே பார்த்தார். நாக்கில் அடுக்கியிருந்தது ஒன்றும் மிச்சமில்லை. மினுக்கிய ஒவ்வொரு வண்டியும், கத்திக்கொண்டே போன அந்த மனிதரும், அவருக்கு இவர் காட்டிய சிரிப்பும் வரிசையாக வந்து முகத்தில் அறைந்தன. ஊரே கும்பிட்டுக் கேட்டிருக்கிறது, கண்ணை விடு தாயே என்று. இவர் ராணி மாதிரி ஆசீர்வாதம் செய்துகொண்டு போயிருக்கிறார்.

"ஏம்மா? என்ன ஆச்சு?" என்றார் கணவர்.

பிரேக்கக்கா பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து நர்ஸின் குரல் கிழிந்துகொண்டு வந்தது.

"அக்கா! இங்க ஒரு ஆளு! அக்கா, காருக்கு முன்னாடி ஆளு!"

"அணைங்க! லைட்டை அணைங்க!" பிரேக்கக்கா கத்திய கத்தலில் பல்செட்காரர் எல்லாப் பொத்தானையும் அழுத்தினார். வைப்பர் ஓடியது, ஹாரன் அடித்தது, கடைசியில் மோட்டார் முனக இமைகள் மூடிக்கொண்டன. இருட்டு. பிறகு மெல்ல மெல்ல, மஞ்சள் காரின் சாதாரண வெளிச்சத்தில், ரோடு திரும்பி வந்தது. ரோட்டோடு ஒரு சைக்கிளும் வந்தது.

சங்கிலி கழன்ற சைக்கிளைக் கீழே சாய்த்துப் போட்டு, அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். சாம்பல் நிறச் சீருடை. தொழிற்சாலையின் காவலாளி. காரின் பம்பர் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மிதிக்கவில்லை, நசுக்கவில்லை. பூனை வந்து மூக்கை உரசுகிற மாதிரி, தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தது. மனுஷர் கையில் கிரீஸோடு, பிடித்த சங்கிலியை விடாமல், கல்லாகியிருந்தார்.

பிரேக்கக்காவுக்கு இன்னொன்று அப்போதுதான் விளங்கியது. காருக்கு முன்புறமாகச் சுற்றி நடந்தபோது, இந்த மனுஷரை ஒட்டித்தான் அவர் போயிருக்கிறார். உடை உரசுகிற தூரத்தில். பார்க்கவே இல்லை.

"நான் கத்தினேன்மா" என்றார் காவலாளி. "வாயைத் திறந்தேன். சத்தம் வரல."

நர்ஸ் அவர் பக்கத்தில் தரையில் மண்டியிட்டிருந்தாள். அவர் மணிக்கட்டில் வைத்த மூன்று விரல் அசையாமல் நாடி பார்த்தது. "அடி ஏதாவது பட்டுச்சாண்ணே? எங்கேயாவது வலிக்குதா?"

"இல்லம்மா. முழங்கால்தான் நிக்க மாட்டேங்குது." அவர் காரையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரும்மா பிரேக் போட்டது?"

பல்செட்காரரும் நர்ஸும் பிரேக்கக்காவைப் பார்த்தார்கள். ஊரில் அந்தக் கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான்.

"இவ" என்றார் பிரேக்கக்கா. "நான் போ போன்னு கத்திக்கிட்டிருந்தேன். இவதான் போட்டா."

காவலாளி நர்ஸின் தலையில் கிரீஸ் கையை வைக்கப் போய், பார்த்து, இழுத்துக்கொண்டார். "நீ நல்லா இருப்பேம்மா."

"எனக்கு ஒண்ணும் தெரியலண்ணே. உங்களையும் தெரியல. எதுவுமே தெரியல, அதான் நின்னுட்டேன்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. பிரேக்கக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, எனக்கு இது வேண்டாம். நாளைக்கு நான் போகல. வார்டுலயே இருந்துக்கிறேன். அங்க யாரும் எதிர்ல வந்து விழ மாட்டாங்க."

காவலாளியைக் கணவரும் நர்ஸும் தாங்கிப் பிடித்து மதில் ஓரத்துக் கல்லில் உட்கார வைத்தார்கள். சைக்கிளையும் ஓரம் கட்டினார்கள். அவர்கள் திரும்பிப் பார்த்தபோது, காவலாளி உட்கார்ந்திருந்த அதே இடத்தில், தார் ரோட்டில், பிரேக்கக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, ஒரு நிமிஷம் லைட்டைப் போடுங்க."

"ஏம்மா இதெல்லாம்? எந்திரி."

"போடுங்கன்னா போடுங்க."

இமைகள் நிமிர்ந்தன. வெள்ளை வந்து விழுந்தது. பிரேக்கக்கா இந்தத் தடவை கையைத் தூக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தாங்குகிற மட்டும் பார்த்தார். அவருடைய நிழல் மஞ்சள் காரின் மேல் ஏறி விழுந்தது. மதிலின் உச்சியில் பதித்திருந்த கண்ணாடிச் சில்லுகள் மின்னின. அதற்கும் மேலே, மரத்தின் கொண்டையில் ஒரு காக்கைக் கூடு, குச்சி குச்சியாக எண்ணிவிடலாம் போலத் தெரிந்தது. ரோட்டில் அவர் காலடியில் கிடந்த கல் மட்டும் தெரியவில்லை.

"போதும்" என்றார். கன்னத்தில் நீர் வழிந்திருந்தது. வெளிச்சத்தில் யாருக்கும் வழியும்.

"மச்சான் கிட்டச் சொல்லி நாளைக்கே கழட்டிடலாம்" என்றார் பல்செட்காரர் தாழ்ந்த குரலில்.

"அவனை ஏன் சொல்றீங்க? அவன் பல்பைக் கால்வட்டம்தான் திருப்பினான். சிலந்தி வலை தெரியுதுன்னு கைதட்டினவ நான்." பிரேக்கக்கா எழுந்து நர்ஸிடம் வந்தார். மஞ்சள் காரில் செருகியிருந்த சாவியை வரும்போதே உருவியிருந்தார், அதை நீட்டினார். "இந்தா. இவரை வீட்டுல விடணும். முழங்கால் இப்படி இருக்கு, சைக்கிள்ல போக முடியாது."

"நான் ஓட்ட மாட்டேன்க்கா."

"என் கையைப் பாரு."

நீட்டிய உள்ளங்கையில் சாவி கிலுகிலுவென்று ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பிறந்தபோதுகூட நடுங்காத கை என்று பல்செட்காரர் பெருமையடித்துக்கொள்ளும் கை.

"மாமா ஓட்டட்டும்."

"இவரா? இவர் இப்ப வைப்பரைப் போட்டு லைட்டை அணைக்கப் பாத்தார். நீயும் பாத்தே."

நர்ஸ் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக மறுபடி அழுதாள். "நான் பயத்துலதான்க்கா நின்னேன். தைரியத்துல இல்ல."

"எதுல நின்னா என்ன? உனக்குத் தெரியல, நின்னே. எனக்கும் தெரியல, போன்னேன். நாளைக்கு அந்த ஆபீசர் நம்ம ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வெச்சா, யாருக்குக் குடுப்பார் லைசென்ஸ்?"

நர்ஸ் கல்லில் உட்கார்ந்திருந்த காவலாளியைப் பார்த்தாள். அவர் சங்கிலியை இன்னும் கையில்தான் வைத்திருந்தார். அவள் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தாள்.

"மெதுவாத்தான் போவேன்."

"போ."

"தெரியலன்னா நிப்பேன். நடுரோடா இருந்தாலும் நிப்பேன். திட்டக் கூடாது."

"நில்லு. நான் வாயைத் திறந்தா என்னை இறக்கி விட்டுட்டுப் போ."

தவளையை இந்த விளக்கோடு இனி ஓட்ட முடியாது. விளக்கில்லாமலும் ஓட்ட முடியாது. கணவனும் மனைவியுமாக அதைத் தள்ளி மதில் ஓரமாக நிறுத்தினார்கள். விடிந்ததும் வந்து எடுத்துக்கொள்ளலாம். காவலாளியை மஞ்சள் காரின் பின் இருக்கையில் ஏற்றிவிட்டு, பல்செட்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க வீட்டம்மா கார்ல ஏறினா ஒரு வசதி, சீட் பெல்ட்டை யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்" என்று அந்த மனுஷரைப் பேச்சுக்கு இழுத்தார். நர்ஸ் இருக்கையைச் சரி செய்தாள், கண்ணாடியைச் சரி செய்தாள், மறுபடியும் சரி செய்தாள்.

ஓரம் நிற்கும் வண்டிக்குப் பின்னால் வைக்கும் சிவப்பு முக்கோணத்தை எடுக்கப் பிரேக்கக்கா மஞ்சள் காரின் டிக்கியைத் திறந்தார். முக்கோணத்தை எடுத்துப் போய்த் தவளைக்குப் பின்னால், அளந்த மாதிரி தள்ளி வைத்தார். திரும்பி வந்து டிக்கியை மூடப் போனவர், மூடாமல் நின்றார். உள்ளே ஒரு மூலையில், கற்றுக்கொள்பவர் வண்டியில் ஒட்டும் காந்தப் பலகை உபரியாக ஒன்று கிடந்தது. வெள்ளைத் தகட்டில் சிவப்பு 'எல்'. அதை எடுத்துப் புழுதியைத் தன் உடையிலேயே துடைத்தார்.

நர்ஸ் இஞ்சினை உயிர்ப்பித்தாள். தாழ்ந்த விளக்கு ரோட்டோடு ரோடாகப் படர்ந்தது. அதன் ஓரத்து வெளிச்சத்தில் பிரேக்கக்கா நடந்து போய், மூடிக் கிடந்த இரண்டு இமைகளுக்கும் நடுவே, தவளையின் நெற்றியில், அந்த எல் போர்டை வைத்தார். ஒரு பக்கம் கோணலாக ஒட்டியது. பிய்த்து, நேராக வைத்து, நான்கு முனைகளையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார்.